கிளை ஒரு வழி, டேக் இன்னொரு வழி

லினக்ஸ் கெர்னலின் மூல நிரலுக்கு ‘இதுதான் அசல்’ என்று தொழில்நுட்ப ரீதியில் ஒரு பிரதி கிடையாது. லினஸ் டோர்வால்ட்ஸின் கணினியில் ஒன்று இருக்கிறது. நிலைப் பதிப்புகளைப் பராமரிக்கும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மனிடம் ஒன்று இருக்கிறது. நெட்வொர்க், கோப்பு முறைமை, கிராஃபிக்ஸ் என ஒவ்வொரு பகுதியின் பொறுப்பாளரிடமும் ஒவ்வொன்று. எல்லாமே முழுப் பிரதிகள். 2005 ஏப்ரலிலிருந்து இன்றுவரை நடந்த ஒவ்வொரு திருத்தமும், அதைச் செய்தவர் பெயரும், நாளும், காரணமும் ஒவ்வொன்றிலும் இருக்கும். டோர்வால்ட்ஸிடம் இருப்பதை முதன்மையானது என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டிருப்பது மனிதர்கள் செய்துகொண்ட உடன்பாடு. திருத்தங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளுக்கு அது தெரியாது.

ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளிவருகிறது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரண்டு வாரம் ‘மெர்ஜ் விண்டோ’ திறந்திருக்கும். அந்த நாட்களில் டோர்வால்ட்ஸ் மற்றப் பொறுப்பாளர்களின் பிரதிகளிலிருந்து, அதாவது ரெப்போக்களிலிருந்து, மாற்றங்களை ஒவ்வொன்றாக இழுத்துத் தன் பிரதியில் சேர்க்கிறார். அப்படி இரண்டு முழுப் பிரதிகள் சந்திக்கும்போது ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கிட்டில் இந்த வேலைக்குப் பெயர் ஃபெட்ச்.

நாள் முழுக்க இந்தக் கட்டளையைத் தட்டுகிறவர்களில் பலர் அதன் உள்ளே நடப்பதைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நிரலைக் கொண்டுவரும் வேலையைக் கிட் பிறந்த காலத்திலேயே சுத்தமாகத் தீர்த்துவிட்டது. பெயர்களைக் கொண்டுவரும் வேலைதான் தீரவில்லை. வளரும் வரலாற்றின் முனையைக் காட்டும் கிளைகளின் பெயருக்கு ஒரு விதி, ஒரு நிலையைக் குறித்துவைக்கும் டேகுகளின் பெயருக்கு வேறு விதி. அந்த விதிகள் இருபது ஆண்டுகளாகத் திருத்தப்பட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. ‘நான் டேக் போட்டுவிட்டேன், உனக்கு வரவில்லையா?’ என்று அலுவலகங்களில் எழும் கேள்விக்கும், பல ரெப்போக்களின் ரகசியச் சாவிகளைக் கசியவிட்ட ஒரு தாக்குதலுக்கும் வேர் இந்த விதிகளில்தான் இருக்கிறது.

முதலில் தகராறு இல்லாத பகுதி. ஒரு கோப்பின் உள்ளடக்கம், ஓர் அடைவின் பட்டியல், ஒரு திருத்தத்தின் பதிவான கமிட் என்று கிட் எதைச் சேமித்தாலும் அதன் பைட்டுகளை எஸ்எச்ஏ-1 என்ற கணக்கில் போட்டு 160 பிட் எண் ஒன்றை எடுக்கிறது. பதினாறடிமான எண்முறையில் எழுதினால் 40 எழுத்து. அந்த எண்தான் அந்தப் பொருளின் முகவரி. ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட்டின் எண்ணைத் தனக்குள் வைத்திருப்பதால், கடைசிக் கமிட்டின் எண்ணைச் சொன்னால் அதற்குப் பின்னால் இருக்கும் முழு வரலாற்றையும் சொன்னதாகிவிடும். நடுவில் ஒரு கால்புள்ளியை மாற்றினால்கூட அதற்குப் பிறகு வரும் எல்லா எண்களும் மாறிவிடும். ஒரே உள்ளடக்கம் ஹெல்சிங்கியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் ஒரே எண்தான். ஆகவே இரண்டு ரெப்போக்களுக்கிடையே பொருட்கள் போய்வருவதில் ‘யாருடையது சரி’ என்ற கேள்வியே எழுவதில்லை. 2017இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும் ஒரே எஸ்எச்ஏ-1 எண் வரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை உருவாக்கிக் காட்டியது உண்மைதான். அந்த ஆண்டே கிட் அத்தகைய போலிகளைக் கண்டறியும் கணக்குக்கு மாறியது. பின்னர் எஸ்எச்ஏ-256 எண்களுக்கும் வழி செய்தது.

ஆனால் 40 எழுத்தை எந்த மனிதரும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்குத்தான் பெயர்கள். ஒரு ரெப்போவின் உள்ளே ‘.கிட்’ என்ற மறைவு அடைவைத் திறந்து, அதில் ரெஃப்ஸ், அதற்குள் ஹெட்ஸ் என்று போனால் மாஸ்டர் அல்லது மெயின் என்ற சின்னக் கோப்பு இருக்கும். அதன் அளவு 41 பைட். 40 எழுத்து எண்ணும் ஒரு வரிமுறிப்பும், அவ்வளவே. ஒரு கிளை என்பது இந்த 41 பைட்தான்! பத்து லட்சத்துக்கு மேல் கமிட்டுகள் உள்ள லினக்ஸிலும் இதே அளவுதான். புதிதாக ஒரு கமிட் செய்தால் கோப்பில் இருக்கும் பழைய எண் போய்ப் புதிய எண் வரும். பெயர்கள் பெருகினால் கிட் அவற்றையெல்லாம் ஒரே கோப்பில் வரிவரியாக அடுக்கிவிடும், ஆனால் விஷயம் அதேதான்.

டேகும் இப்படித்தான், ரெஃப்ஸ் அடைவில் டேக்ஸ் என்ற பக்கத்து அறையில் இருக்கும். கிளையின் எண் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியது. டேகின் எண் நகரக்கூடாதது. ‘வி6.1’ என்றால் 2022 டிசம்பரில் வெளிவந்த அந்தக் கெர்னல், என்றைக்கும் அது மட்டும். டேகுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் சுட்டி. மற்றது குறிப்புள்ள டேக்: போட்டவர் பெயர், நாள், விளக்கம், வேண்டுமானால் டிஜிட்டல் கையொப்பம் ஆகியவற்றோடு தனக்கென ஓர் எண்ணும் உடைய தனிப் பொருள். இந்த இரண்டாம் வகை கமிட்டைச் சுட்டும், பெயர் இந்தப் பொருளைச் சுட்டும்.

இனி ஃபெட்ச். இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதைக் கிட்ட இருந்து கேட்கலாம். உரையாடல் வரிவரியாக நடக்கும்; ஒவ்வொரு வரியின் முதல் நான்கு எழுத்தும் அந்த வரியின் நீளத்தைச் சொல்லும். நான்கு சுழியம் வந்தால் ‘நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்’ என்று பொருள். இணைப்பு கிடைத்ததும் சர்வர் முதலில் தன்னிடம் உள்ள பெயர்களையெல்லாம் ஒப்பிக்கிறது: இந்த எண், இந்தப் பெயர், இந்த எண், இந்தப் பெயர். குறிப்புள்ள டேக் வந்தால் மட்டும் ஒரு வரி கூடுதல். டேக் பொருளின் எண்ணைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் அந்த டேகை உரித்தால் உள்ளே இருக்கும் கமிட்டின் எண்ணையும் சொல்லும். இந்தக் கூடுதல் வரியை மறந்துவிடாதீர்கள், கொஞ்சம் கழித்து அது முக்கியமான வேலை செய்யப் போகிறது.

பட்டியலைப் பார்த்த கிளையன்ட் தனக்கு வேண்டியதை ‘வான்ட்’ என்ற சொல்லோடு எண்ணாகக் கேட்கிறது. பிறகு தன்னிடம் இருப்பதை ‘ஹேவ்’ என்ற சொல்லோடு புதியதிலிருந்து பழையதை நோக்கிச் சொல்லிக்கொண்டே போகிறது. இது என்னிடம் இருக்கிறது, இது இருக்கிறது, இதுவும் இருக்கிறது. சர்வருக்குத் தெரிந்த எண் ஒன்று அதில் வந்தவுடன் ‘ஆமாம், இது எனக்கும் தெரியும்’ என்று பதில் வரும். ஒரு கமிட் இருவரிடமும் இருந்தால் அதற்கு முந்தைய வரலாறு முழுதும் இருவரிடமும் இருக்கும் என்பதால் அதற்குக் கீழே எண்ண வேண்டியதே இல்லை. பத்து லட்சம் கமிட்டுகள் கொண்ட இரண்டு மலைகளை ஒப்பிடும் வேலை சில டஜன் வரிகளில் முடிந்துபோகிறது. எண்ணுக்குள் வரலாறு அடங்கியிருப்பதன் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது. கிட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கிளையன்ட் ‘போதும்’ என்றதும் சர்வர் வித்தியாசத்தை மட்டும் ஒரு பேக் கோப்பாகக் கட்டி அனுப்புகிறது. அதிலும் சிக்கனம் உண்டு. பெறுபவரிடம் ஏற்கெனவே இருக்கும் கோப்பிலிருந்து எங்கே எது மாறியது என்று மட்டும் சொன்னால் போதுமானால், முழுக் கோப்பும் பயணம் செய்யாது. வந்த பேக்கின் எண்களைக் கிளையன்ட் தானே கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்கிறது. சர்வர் சொன்னதை நம்ப வேண்டிய தேவை அதற்கு இல்லை.

இந்த முறையில் ஒரு செலவு மறைந்திருந்தது. பெயர்களை முழுதுமாக ஒப்பிப்பது என்ற முதல் படி, சில நூறு பெயர்கள் இருந்த காலத்தில் யாருக்கும் உறுத்தவில்லை. லட்சக்கணக்கில் கிளைகளும் டேகுகளும் சேர்ந்த ரெப்போக்கள் வந்தபோது, ஒரே ஒரு கிளையைக் கேட்பவரும் முழுப் பட்டியலையும் இறக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2018இல் 2.18 பதிப்போடு வந்த இரண்டாம் நெறிமுறையில் கிளையன்ட் முந்திக்கொண்டு ‘இந்த முன்னொட்டில் தொடங்கும் பெயர்களை மட்டும் சொல்’ என்று கேட்க முடிகிறது. அதன் பிறகு ஒப்புவித்தல் கேட்ட அளவோடு நின்றது.

பேக் வந்தாயிற்று, பொருட்கள் வந்தாயிற்று. பெயர்களை எங்கே வைப்பது?

கிளைகளுக்குக் கிட் தரும் விடை அழகானது. நீங்கள் இன்னொருவரின் ரெப்போவைக் க்ளோன் செய்ததும், அதாவது முழுதுமாக நகலெடுத்ததும், அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதப்படுகிறது: +ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/*:ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின்/*. முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் அவர் வீட்டில் இருக்கும் பெயர், வலப்பக்கம் நம் வீட்டில் அதற்கு ஒதுக்கிய இடம். அவருடைய மாஸ்டர் நம்மிடம் ஆரிஜின்/மாஸ்டர் என்றுதான் வந்து உட்காரும். நம் சொந்த மாஸ்டரை அது தொடாது. இன்னொருவரின் ரெப்போவையும் சேர்த்துக்கொண்டால் அவருடைய மாஸ்டர் அவர் பெயரின் கீழ் தனியாக இருக்கும். நூறு பேருடைய மாஸ்டரும் ஒரே ரெப்போவில் முட்டாமல் மோதாமல் வாழலாம். ஃபெட்ச் செய்தால் நம் வேலை கெட்டுப்போகுமோ என்று பயப்படவே வேண்டாம் என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். புல் என்பது ஃபெட்சோடு மெர்ஜையும் சேர்த்துச் செய்வது; நம் கிளையைத் தொடுவது அந்த மெர்ஜ்தான்.

வரியின் தொடக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியும் வெறும் அலங்காரமில்லை. பொதுவாக ஒரு கிளை முன்னோக்கித்தான் வளரும். புதிய எண்ணின் வரலாற்றில் பழைய எண் இருக்கும். அப்படி இல்லாமல் அவர் தன் கிளையைத் திருத்தி எழுதியிருந்தாலும் அவரிடம் இருப்பதை அப்படியே பிரதிபலி என்கிறது அந்தக் குறி. லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற ரெப்போவைப் பார்த்தால் இதன் அவசியம் புரியும். 2008இல் ஸ்டீஃபன் ராத்வெல் தொடங்கிய அது, அடுத்த கெர்னலுக்காகக் காத்திருக்கும் நூற்றுக்கணக்கான கிளைகளை வேலைநாள் தோறும் ஒன்றுசேர்த்துப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் டோர்வால்ட்ஸின் அன்றைய நிலையிலிருந்து புதிதாகக் கட்டுவதால் இன்றைய மாஸ்டர் நேற்றைய மாஸ்டரின் வாரிசு இல்லை. அதை ஃபெட்ச் செய்கிறவர் திரையில் அந்தக் கிளைக்கு நேரே ‘ஃபோர்ஸ்டு அப்டேட்’ என்று வருவது அங்கே இயல்பு. பழைய நாளொன்றின் நிலை வேண்டுமானால்? நெக்ஸ்ட் என்ற சொல்லோடு ஆண்டு, மாதம், நாள் சேர்த்த டேக் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் உண்டு. கிளை நகர்கிறது, டேக் நின்று அந்த நாளைக் காட்டுகிறது.

டேகுகளுக்கு ஏன் இந்தத் தனித்தனி வீடு இல்லை? எந்த ரெப்போவிலிருந்து வந்தாலும் எல்லா டேகுகளும் ரெஃப்ஸ்/டேக்ஸ் என்ற ஒரே அறையில் வந்து விழுகின்றன. இது மறதியால் வந்ததல்ல. ‘மாஸ்டர்’ என்பது இன்னாருடைய பார்வை, ஆளுக்கு ஆள் மாறும். ‘வி6.1’ என்பது யாருடைய பார்வையும் இல்லை. எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. பிழை அறிக்கையில் ‘வி6.1இல் இது உடைந்திருக்கிறது’ என்று எழுதினால் படிப்பவர் எந்த வி6.1 என்று கேட்கக்கூடாது. அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகம் முழுதும் ஒரே அறை என்றால், அதில் யார் எதைக் கொண்டுவந்து வைக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும்.

கிட்டின் முதல் கட்டுப்பாடு பின்தொடர்தல். சாதாரணமாக ஃபெட்ச் செய்யும்போது, நாம் எடுக்கும் கிளைகளின் வரலாற்றில் இருக்கும் கமிட்டுகளைச் சுட்டும் டேகுகள் மட்டும் தாமாக வந்து சேரும். கெர்னலின் நிலைப் பதிப்பு ரெப்போவிலிருந்து 6.1 கிளையை மட்டும் கேட்டுப் பாருங்கள். வி6.1.1, வி6.1.2 என்று அந்தத் தொடரின் டேகுகள் வரும். அவற்றுக்கு முந்தைய வி6.0, வி5.19 ஆகியவையும் வரும், அவையும் அந்த வரலாற்றில் இருப்பதால். வி6.6 வராது. அந்தக் கமிட் இந்தக் கிளைக்குப் பின்னால் இல்லை. ஒரு டேகை இறக்காமலேயே அது எந்தக் கமிட்டைச் சுட்டுகிறது என்று கிளையன்டுக்கு எப்படித் தெரிந்தது? உரித்துக் காட்டிய அந்தக் கூடுதல் வரிதான். ‘நீ அனுப்பும் கமிட்டைச் சுட்டும் டேகுகளையும் பேக்கிலேயே போட்டு அனுப்பு’ என்று சர்வரிடம் முன்கூட்டியே சொல்லவும் வழி உண்டு, இரண்டாவது பயணம் மிச்சம்.

எல்லா டேகுகளும் வேண்டுமென்றால் --டேக்ஸ் என்று கேட்க வேண்டும். இந்தச் சொல்லின் பொருளே ஒருமுறை மாறியிருக்கிறது. 2014இல் வந்த 1.9 பதிப்புக்கு முன்பு --டேக்ஸ் என்றால் டேகுகள் மட்டும் வரும், கிளைகள் வராது. அதற்குப் பிறகுதான் வழக்கமாக வருவதோடு டேகுகளும் சேர்ந்து வரும் என்றானது. பழைய வழிகாட்டிகளைப் படித்துக் குழம்புகிறவர்களுக்கு இது உதவும். டேக் எதுவுமே வேண்டாம் என்றால் --நோ-டேக்ஸ். வேறொரு நூலகத்தின் ரெப்போவைத் தற்காலிகமாக இணைத்துக்கொள்ளும்போது இதைப் போடுவது நல்லது; இல்லையென்றால் அவர்களுடைய ‘வி1.0’ உங்கள் அறைக்குள் வந்து, உங்கள் திட்டத்தின் வி1.0 போலவே உட்கார்ந்திருக்கும். உங்களிடம் வி1.0 இன்னும் போடப்படவில்லை என்றால் கேட்கவே வேண்டாம், முந்தியவர் இடம் பிடித்துவிடுவார்.

பின்தொடர்தல் விதிக்கு அகப்படாத ஒரு வினோத டேக் லினக்ஸிலேயே இருக்கிறது. கெர்னல் 2005 ஏப்ரலில் 2.6.12-ஆர்சி2 என்ற நிலையில் கிட்டுக்குள் வந்தது. அதற்கு முந்தைய வரலாறு உள்ளே வரவில்லை. ஆனால் வி2.6.11 என்ற டேக் உண்டு. அது எந்தக் கமிட்டையும் சுட்டவில்லை. அந்தப் பதிப்பின் கோப்புகள் அடங்கிய அடைவுப் பட்டியலை நேரடியாகச் சுட்டுகிறது. கிளை வழியே நடந்து அந்த இடத்தை அடைய முடியாது. முழு க்ளோன் எல்லா டேகுகளையும் எடுப்பதால் அது வந்து சேர்கிறது.

தானியங்கி பில்ட் இயந்திரங்களில் வரும் ஒரு தொல்லையும் இதே விதியின் விளைவுதான். வேகத்துக்காக அவை கடைசிக் கமிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். கிட் டிஸ்க்ரைப் என்ற கட்டளையோ பின்னோக்கி நடந்து அருகில் உள்ள டேகைக் கண்டுபிடித்து, ‘வி6.1க்குப் பிறகு 120ஆவது கமிட்’ என்பது போல ஒரு பதிப்புப் பெயர் சொல்வது. வரலாறு வராத இடத்தில் நடப்பதற்குப் பாதை இல்லை, டேகும் வந்திராது. பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்று பில்ட் நின்றுவிடும். உங்கள் மடிக்கணினியில் ஓடுவது அங்கே ஓடாததற்கு நிரலைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம்மிடம் இருப்பதைச் சர்வருக்கு அனுப்பும் புஷ் திசையில் கிட் இன்னும் கஞ்சத்தனமாக இருக்கிறது. கிளையைப் புஷ் செய்தால் டேக் கூடவே போகாது. பெயர் சொல்லி அனுப்ப வேண்டும், அல்லது குறிப்புள்ள டேகுகளை மட்டும் கூடவே அனுப்பும் --ஃபாலோ-டேக்ஸ் போட வேண்டும். ‘டேக் போட்டுவிட்டேன், வரவில்லையா’ என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. எரிச்சலாக இருந்தாலும் இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இழுப்பவர் மற்றவர் வெளியிட்டதை எடுக்கிறார். தள்ளுபவரோ தன் சொந்தக் குறிப்புகளை ஊருக்கு வெளியிடும் ஆபத்தில் இருக்கிறார். ‘மதிய-சாப்பாட்டுக்கு-முன்’ என்று நமக்காகப் போட்டுக்கொண்ட சுட்டி எல்லாருடைய அறையிலும் போய் உட்காரக்கூடாது. நீக்குவதும் கடினம். சர்வரில் டேகை அழித்தாலும் மற்றவர்களிடம் அது அப்படியே இருக்கும். --ப்ரூன் போட்டு ஃபெட்ச் செய்தால்கூட அழிந்த கிளைகள் மட்டுமே போகும். டேகுகளையும் களைய 2018இல்தான் --ப்ரூன்-டேக்ஸ் வந்தது. அதுவரை அழித்த டேக் இன்னொருவரின் மடிக்கணினியில் உயிரோடு இருக்கும். அவர் எல்லா டேகுகளையும் புஷ் செய்யும் நாளில் சர்வரில் மறுபடி எழுந்து நிற்கும்.

மற்றக் கருவிகள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கப் பார்த்தன. பழைய சிவிஎஸ், டேகை ஒவ்வொரு கோப்பின் வரலாற்றுக்குள்ளும் எழுதியது. பெரிய திட்டத்தில் ஒரு டேக் போட நேரம் பிடிக்கும். சப்வெர்ஷனில் டேக் என்பது அடைவின் நகல், கிளைக்கும் அதற்கும் உள்ளே வேறுபாடே இல்லை. கிட் பிறந்த அதே 2005 ஏப்ரலில் பிறந்த மெர்க்யூரியல் ஒரு துணிச்சலான வழியை எடுத்தது. டேகுகளின் பட்டியல் ‘.ஹெச்ஜிடேக்ஸ்’ என்ற சாதாரணக் கோப்பு, அதுவும் கமிட் செய்யப்படும். டேகை யார் எப்போது போட்டார், யார் மாற்றினார் என்பதெல்லாம் வரலாற்றில் பதிந்துவிடும். இழுத்தால் தானாக வரும். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் டேக் போடுவதே ஒரு புதிய கமிட் என்பதால், டேக் போட்ட நிலைக்குத் திரும்பிப் போனால் அங்கே இருக்கும் கோப்பில் அந்த டேக் இருக்காது. குறி எப்போதும் குறிக்கப்பட்டதற்குப் பின்னால்தான் வரும்.

கிட்டில் டேகுக்கு வரலாறு கிடையாது. 41 பைட் கோப்பில் எண்ணை மாற்றினால் மாற்றியது மாற்றியதுதான். வெளியிட்ட டேக் தவறான கமிட்டில் விழுந்துவிட்டது என்று யாராவது அதை நகர்த்தினால் என்ன ஆகும்? பின்தொடர்தல் விதி நம்மிடம் இல்லாத டேகுகளை மட்டுமே சேர்க்கும், இருப்பதைத் தொடாது. ஆகவே பழைய டேக் உள்ளவர்கள் எத்தனை முறை சாதாரண ஃபெட்ச் செய்தாலும் அவர்களிடம் பழையதே இருக்கும், மாறியது என்ற செய்திகூட வராது. இன்று க்ளோன் செய்பவருக்குப் புதியது கிடைக்கும். கல்யாணப் பத்திரிகையை ஊரெல்லாம் கொடுத்த பிறகு நம் கையில் மிஞ்சிய கட்டில் மட்டும் முகூர்த்த நேரத்தைத் திருத்துவது போன்றது இது. ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு பேர் இரண்டு வேறு நிரல்களைப் பற்றிப் பேசுவார்கள். கிட்டின் கையேடே இதற்கென ஒரு பகுதியை ஒதுக்கி, தவறை ஒப்புக்கொண்டு புதிய பெயரில் இன்னொரு டேக் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்கிறது.

இதைவிட மோசமான ஓட்டை ஒன்றும் இருந்தது. --டேக்ஸ் என்று வெளிப்படையாகக் கேட்டால், சர்வரில் நகர்ந்த டேக் நம்மிடம் இருப்பதன் மேல் தடையில்லாமல் எழுதப்பட்டுவிடும். 2018 டிசம்பரில் வந்த 2.20 பதிப்புதான் அதை மூடியது. இப்போது நகர்ந்த டேக் எதிர்ப்பட்டால் ‘வுட் க்ளாபர் எக்ஸிஸ்டிங் டேக்’ என்று மறுத்துவிடும். --ஃபோர்ஸ் சொன்னால் மட்டுமே ஏற்கும். இந்தச் செய்தியைப் பார்த்ததும் ஃபோர்ஸ் போட்டுக் கடந்துபோகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த வரி, யாரோ கொடுத்த வாக்கு மாறியிருக்கிறது என்று சொல்கிறது. ஏன் மாறியது என்று கேட்டுவிட்டு மேலே போகலாம்.

2025 மார்ச்சில் இதன் விலை வெளிச்சத்துக்கு வந்தது. கிட்ஹப்பில் தானியங்கி வேலைகளுக்காக டிஜே-ஆக்ஷன்ஸ் குழுவினர் வெளியிட்ட ‘சேஞ்ச்டு-ஃபைல்ஸ்’ என்ற சிறு கருவியை 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்தி வந்தன. அதன் மேல் எழுதும் உரிமையைக் கைப்பற்றிய தாக்குதலாளர் கிளையைத் தொடவே இல்லை. தீங்கான கமிட் ஒன்றை உருவாக்கி, பழைய பதிப்பு டேகுகளை நகர்த்தி அதன் மேல் வைத்தார். பல மாதங்களுக்கு முன்பு வெளிவந்து சோதித்து நம்பப்பட்ட பதிப்பின் பெயர்கள், ஒரே நாளில் வேறொரு நிரலைச் சுட்டின. பில்ட் இயந்திரங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கிக்கொள்பவை. ஒப்பிட்டுப் பார்க்க அவற்றிடம் பழைய டேக் இல்லை, ஆகவே மறுப்பும் எழவில்லை. அந்த நிரல் இயந்திரத்தின் நினைவகத்திலிருந்த ரகசியச் சாவிகளைப் பில்ட் பதிவில் எழுதியது. பொது ரெப்போக்களில் அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டேக் பெயருக்குப் பதிலாகக் கமிட்டின் முழு 40 எழுத்து எண்ணை எழுதி வைத்திருந்தவர்களை நகர்ந்த டேக் தொடவில்லை. இத்தகைய கருவிகளின் உலகில் ‘வி4’ என்ற டேகை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வேண்டுமென்றே நகர்த்துவது வழக்கமாகவே இருந்துவருகிறது. வசதிக்காக வந்த அந்த வழக்கம், டேக் நகர்ந்தால் யாரும் திடுக்கிடாத ஒரு சூழலை உண்டாக்கிவிட்டது. நகர வேண்டிய பெயருக்குக் கிளை என்ற ஏற்பாடு இருக்கும்போது டேகைக் கிளையாக்கியிருக்க வேண்டியதில்லை.

லினக்ஸ்காரர்கள் இதே பயத்தை 2011இலேயே சந்தித்துவிட்டார்கள். அந்த ஆகஸ்டில், கெர்னலின் ரெப்போக்கள் இருக்கும் கெர்னல்.ஆர்க் தளத்தின் சர்வர்களுக்குள் யாரோ புகுந்திருந்தது தெரியவந்தது. தளம் வாரக்கணக்கில் மூடப்பட்டது. டோர்வால்ட்ஸ் தன் ரெப்போவைத் தற்காலிகமாகக் கிட்ஹப்பில் வைத்தார். பழைய வரலாற்றைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆயிரக்கணக்கானோரிடம் முழுப் பிரதி இருந்தது. ஒரு பைட் மாறியிருந்தாலும் எண்கள் காட்டிக்கொடுத்துவிடும். கவலை அடுத்து வருவதைப் பற்றியது. ஒரு பொறுப்பாளர் ‘என் ரெப்போவிலிருந்து இந்தக் கிளையை இழுத்துக்கொள்ளுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்புகிறார். இழுக்கும் நேரத்தில் அந்தப் பெயர் அவர் வைத்த இடத்தில்தான் இருக்கிறதா, சர்வருக்குள் புகுந்தவர் நகர்த்திவிட்டாரா என்று டோர்வால்ட்ஸுக்கு எப்படித் தெரியும்? கிளையின் 41 பைட்டில் கையெழுத்துப் போட இடமில்லை. குறிப்புள்ள டேகில் இருக்கிறது.

2012 ஜனவரியில், ஜூனியோ ஹமானோ பராமரிப்பில் வந்த கிட் 1.7.9 அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டது. இப்போது கெர்னலில் நடக்கும் முறை இது. பொறுப்பாளர் தன் மாற்றங்களின் கடைசிக் கமிட்டில் கையொப்பமிட்ட ஒரு டேக் போட்டு, அதில் என்ன மாற்றம், ஏன் என்று எழுதுகிறார். கிளையின் பெயருக்குப் பதில் அந்த டேகின் பெயரை டோர்வால்ட்ஸுக்கு அனுப்புகிறார். டோர்வால்ட்ஸ் ரெப்போவின் முகவரியையும் டேக் பெயரையும் கொடுத்து இழுக்கும்போது கிட் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. டேகில் எழுதிய விளக்கம் மெர்ஜ் கமிட்டின் செய்தியாக வந்து நிற்கிறது. இப்படி முகவரி கொடுத்து ஒருமுறை இழுக்கும்போது பின்தொடர்தல் விதி வேலை செய்வதில்லை. பொறுப்பாளரிடம் இருக்கும் மற்றச் சொந்த டேகுகள் டோர்வால்ட்ஸின் அறைக்குள் வராது. கையொப்பமிட்ட அந்த டேகின் பெயரும் அங்கே வைக்கப்படுவதில்லை.

ஆனால் அதன் உள்ளடக்கம் போய்விடுவதில்லை. கையொப்பத்தோடு சேர்ந்த டேக் முழுதும் மெர்ஜ் கமிட்டின் தலைப்பகுதியில் ‘மெர்ஜ்டேக்’ என்ற பெயரில் பொதியப்படுகிறது. கமிட்டின் எண்ணே அதையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், பின்னால் யாரும் அதை உருவியெடுக்க முடியாது. பொறுப்பாளர் தன் ரெப்போவில் அந்த டேகை நகர்த்தலாம், அழிக்கலாம், ரெப்போவையே மூடிவிடலாம். பல ஆண்டு கழித்துக் கெர்னலைக் க்ளோன் செய்கிற ஒரு மாணவர் கிட் லாக் கட்டளையோடு --ஷோ-சிக்னேச்சர் சேர்த்துத் தட்டினால், அந்தப் பொறுப்பாளரின் பொதுச் சாவி அவரிடம் இருக்குமானால், எந்த மெர்ஜ் யாருடைய கையொப்பத்தோடு உள்ளே வந்தது என்பதைத் தன் திரையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.